செலுத்திய வரியும் கேட்கும் உரிமையும்

வரி கொடுக்க மறுத்தவர்களுக்கு வரலாற்று நூல்களில் தனியிடம் உண்டு. இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்லஸ் விதித்த கப்பற்பணத்தில் தம் பங்கான இருபது ஷில்லிங்கைத் தர மறுத்து, 1637-ஆம் ஆண்டில் வழக்காடிய ஜான் ஹாம்ப்டனின் பெயரைப் பாடநூல்கள் போற்றுகின்றன. 1773-இல் தேயிலைப் பெட்டிகளைப் பாஸ்டன் துறைமுகத்தில் வீசி எறிந்தவர்களை அமெரிக்க மக்கள் மறக்கவில்லை. 1930-இல் உப்புவரியை எதிர்த்துத் தண்டிக்கும் வேதாரணியத்துக்கும் நடந்தவர்களை நாமும் மறக்கவில்லை. மறுத்தவர்களின் புகழ் நிலைத்துவிட்டது.

ஆனால் இன்னொரு வகையினர் உண்டு. அவர்கள் வரியைக் கட்டிவிட்டு, அதன்பின் வழக்காடியவர்கள். கேட்ட தொகை மிகுதி என்பதோ, கேட்டதே முறையன்று என்பதோ அவர்களுடைய வாதம். அவர்களுக்குச் சிலை இல்லை, பாட்டும் இல்லை. நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகளில்தான் அவர்களுடைய கதை அடங்கிக் கிடக்கிறது. இன்று நான் பேச விரும்புவது அவர்களைப் பற்றியே.

மாணவ நண்பர்களே, நம்மில் பெரும்பாலோர் ஹாம்ப்டன்கள் அல்லர். நகராட்சியிலிருந்து கேட்புச் சீட்டு வந்தால் முணுமுணுத்துக்கொண்டாவது கட்டிவிடுகிறவர்களே நாம். தெருவிளக்கு எரிய வேண்டும். சாக்கடை ஓட வேண்டும். கெடு தாண்டினால் தண்டமும் ஜப்தியும் வரும். ஆகவே முதலில் கட்டுகிறோம். பிறகுதான் கணக்கைப் பார்க்கிறோம். அப்பொழுது பிழை ஒன்று தென்பட்டு அலுவலகத்துக்குப் போனால், அங்கே ஒரு கேள்வி நமக்காகக் காத்திருக்கும். "கட்டியாயிற்றே, இனி என்ன வழக்கு?" என்பதே அது. சிறிய கேள்விதான். ஆனால் அதற்குச் சரியான விடை காண்பதற்கு நீதிமன்றங்களுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன.

அந்தக் கேள்விக்கு அஞ்சியே கட்ட மறுத்தவர்களும் உண்டு. 1810-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் காசி முதலிய நகரங்களில் வீட்டுவரி விதித்தனர். காசி மக்கள் மனுக் கொடுத்துப் பார்த்தனர், பயன் இல்லை. உடனே கடைகள் அடைபட்டன. கொல்லர் பட்டறைகள் ஓய்ந்தன. படகோட்டிகள் துடுப்பைக் கீழே வைத்தனர். ஆயிரக்கணக்கான மக்கள் வீட்டை விட்டு வெளியேறித் திறந்தவெளியில் நாட்கணக்காக உட்கார்ந்துவிட்டனர். கலகமும் இல்லை, கொள்ளையும் இல்லை. உட்கார்ந்திருப்பதே அவர்களுடைய ஆயுதம். முடிவில் 1812-இல் அவ்வரி கைவிடப்பட்டது. தரம்பால் என்னும் அறிஞர் 1971-இல் வெளியிட்ட நூலொன்றில், இந்நிகழ்ச்சி பற்றிய கம்பெனி அரசின் கடிதங்களைத் தொகுத்துத் தந்துள்ளார்.

அம்மக்கள் ஏன் வரியைக் கட்டிவிட்டு வழக்காடவில்லை? ஒருமுறை கட்டிவிட்டால் அதுவே வழக்கமாகிவிடும் என்று அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த உணர்வு வீணான அச்சம் அன்று. ஏனெனில் அக்காலத்து ஆங்கிலச் சட்டம், கட்டியவனுக்குச் சாதகமாக இருக்கவில்லை.

1802-இல் எல்லன்பரோ பிரபு அளித்த தீர்ப்பொன்று, சட்டத்தைத் தவறாக அறிந்து கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற முடியாது என்று விதித்தது. நாட்டின் சட்டத்தை ஒவ்வொருவரும் அறிந்திருப்பதாகவே கொள்ள வேண்டும். அறியாமையைக் காரணமாகக் காட்ட இடமில்லை என்பது அதன் அடிப்படை. இந்த விதியோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வற்புறுத்தல் எதுவுமின்றித் தானே முன்வந்து கொடுத்தவன், பிறகு அதைக் கேட்கலாகாது என்பது அது. 1888-இல் பர்ன்லி என்னும் ஆங்கில நகரத்தில் இதன் விளைவு தெரிந்தது. அந்நகராட்சி ஒருவரிடம் சட்டப்படி உரியதைவிட மிகுதியாகத் தண்ணீர் வரி வாங்கியிருந்தது. மிகுதியை அவர் திரும்பக் கேட்டார். நீங்களே மனமுவந்து கொடுத்த பணம் என்று நீதிமன்றம் கையை விரித்துவிட்டது.

இங்கே 'மனமுவந்து' என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். நகராட்சி கேட்கும்போது ஒரு குடியானவன் கொடுப்பதற்கும், திருமண வீட்டில் மொய் எழுதுவதற்கும் வேறுபாடு இல்லையா? ஒருபுறம் அரசின் அதிகாரம் முழுவதும் நிற்கிறது. மறுபுறம் தனி மனிதன் ஒருவன் நிற்கிறான். கழுத்தில் கை வைத்தால்தான் வற்புறுத்தலா? அச்சிட்ட தாளும் அலுவலக முத்திரையும் போதாவா? இந்த வேறுபாட்டை அன்றைய ஆங்கிலச் சட்டம் காணவில்லை.

நம் நாட்டில் இக்கேள்வி ஒரு பெரும் போராட்டத்தின் நடுவிலேயே எழுந்தது. 1928-இல் குஜராத்தின் பார்டோலி வட்டத்தில் நிலவரி ஏறத்தாழ இருபத்திரண்டு சதவீதம் உயர்த்தப்பட்டது. வல்லபாய் படேல் தலைமையில் உழவர்கள் எதிர்த்து நின்றனர். அவர்கள் வரியே தரமாட்டோம் என்று சொல்லவில்லை. பழைய வரியை முழுவரியாக ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது நடுநிலையான விசாரணை வையுங்கள் என்றுதான் கேட்டனர். அரசாங்கம் என்ன சொல்லிற்று? உயர்த்திய வரியை முதலில் கட்டுங்கள்; விசாரணையைப் பிறகு பார்ப்போம் என்றது. மாடுகளும் பாத்திரங்களும் ஜப்தி செய்யப்பட்டன, நிலங்கள் பறிபோயின. அப்படியும் உழவர்கள் அசையவில்லை.

அந்தப் பிணக்கு எவ்வாறு தீர்ந்தது என்பது மிகவும் சுவையானது. ஆகஸ்டு மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டபோது, பழைய வரிக்கும் புதிய வரிக்கும் இடைப்பட்ட தொகையை உழவர்கள் கட்டவில்லை. அவர்களுக்காக வேறொருவர் அரசிடம் கட்டி வைத்தார். தொகை வந்துவிட்டது என்று அரசு மதிப்பைக் காத்துக்கொண்டது. நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று உழவர்களும் தம் மதிப்பைக் காத்துக்கொண்டனர். பின்னர் விசாரணை நடந்தது. அதை நடத்திய இருவருள் ஒருவர் புரூம்ஃபீல்டு. 1922-இல் காந்தியடிகளுக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதித்த அதே நீதிபதி. அவரும் மாக்ஸ்வெல் என்பவரும் ஆராய்ந்து, உயர்வு ஏறத்தாழ ஆறு சதவீதமே பொருந்தும் என்று கண்டனர். உழவர்களின் கணக்கே உண்மைக்கு அருகில் இருந்தது என்பது வெளிப்பட்டது. பணம் கட்டுவது வேறு, நியாயத்தை ஒப்புக்கொள்வது வேறு என்னும் உண்மையைப் பார்டோலி இவ்வாறு நாட்டுக்கு எடுத்துக் காட்டிற்று.

இந்த உண்மைக்கு ஆதாரமான விதி நம் சட்டத்தில் முன்பே எழுதப்பட்டிருந்தது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 72-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. தவறுதலாலோ வற்புறுத்தலாலோ ஒருவனிடமிருந்து பணம் பெற்றவன் அதைத் திருப்பித் தரவேண்டும் என்பது அதன் சாரம். அதை விளக்கச் சட்டமே இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. இருவர் சேர்ந்து பட்ட நூறு ரூபாய்க் கடனை ஒருவன் அடைத்துவிட்டான். அதை அறியாமல் மற்றவனும் நூறு ரூபாய் கொடுத்துவிட்டான். இரண்டாவது தொகையைக் கடன் கொடுத்தவன் திருப்பித் தரவேண்டும். இன்னொன்று: ரயில்வே நிறுவனம் முறையற்ற கட்டணம் கேட்டுச் சரக்கை நிறுத்தி வைக்கிறது. சரக்குக்கு உரியவன் வேறு வழியின்றிக் கட்டணத்தைக் கொடுத்துச் சரக்கை மீட்கிறான். மிகுதியாகக் கொடுத்ததை அவன் திரும்பப் பெறலாம். பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும் நியாயம் இது.

ஆனால் 'தவறுதல்' என்னும் அச்சொல், சட்டத்தை அறியாமல் செய்த தவறுதலையும் குறிக்குமா? இங்கிலாந்தின் 1802-ஆம் ஆண்டு விதியையே இங்கும் பின்பற்ற வேண்டுமா? 1949-இல் லண்டன் பிரிவி கவுன்சில் இதற்கு விடை சொல்லிற்று. இந்தியச் சட்டத்தின் சொற்களில் அத்தகைய பாகுபாடு இல்லை. இருவகைத் தவறுதலும் அடங்கும் என்று அது கூறியது. இங்கிலாந்தில் கிடைக்காத நியாயம் இந்தியாவில் கிடைக்கும் என்று லண்டனில் உட்கார்ந்தே அந்நீதிபதிகள் உரைத்தது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

மீண்டும் காசிக்கு வருவோம். அந்நகரில் வெள்ளி, பொன் வாணிகம் செய்த நிறுவனம் ஒன்று, 1948 முதல் மூன்றாண்டுக் காலத்து முன்பேர வியாபாரத்துக்காக விற்பனை வரி கட்டியிருந்தது. முன்பேரம் என்பது பின்னொரு நாளில் விற்பதற்கு இன்று செய்துகொள்ளும் ஒப்பந்தம். விற்பனை நிகழாத இடத்தில் விற்பனை வரி எப்படிப் பொருந்தும் என்று மற்றொருவர் தொடுத்த வழக்கில், அந்த வரி செல்லாது என்று 1952-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் கேட்ட காசி வணிகர்கள், தாங்கள் கட்டியதைத் திருப்பித் தருமாறு அதிகாரிகளிடம் கேட்டனர். அதிகாரிகள் மறுத்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

அரசின் வாதங்களை நாம் அறிய வேண்டும்; ஏனெனில் இன்றும் எந்த அலுவலகத்திலும் அவற்றைக் கேட்கலாம். நீங்களே விரும்பிக் கட்டினீர்கள் என்பது ஒரு வாதம். சட்டத்தை அறியாதது உங்கள் குற்றம் என்பது மற்றொன்று. மூன்றாவது வாதம்தான் மிகவும் வியப்பானது: அந்தப் பணம் இப்பொழுது எங்களிடம் இல்லை, அரசுக் காரியங்களுக்குச் செலவாகிவிட்டது என்பது. 1958-ஆம் ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இம்மூன்றையும் ஏற்க மறுத்தது. அரசின் கேட்பின்பேரில், தம்மைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்று நம்பிக் கொடுத்த பணம் தவறுதலால் கொடுத்த பணமே. செலவாகிவிட்டது என்று சொல்லி அரசு தப்ப முடியாது என்று கூறிற்று. 1810-இல் காசி மக்கள் வரி கட்டாமல் இருந்து வென்றனர். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அதே காசியின் வணிகர்கள் வரி கட்டிவிட்டு வென்றனர். இந்த இரண்டாவது வெற்றிக்கு ஆரவாரம் இல்லை. ஆனால் அதன் பயன் நம்மைப் போன்ற சாதாரண மக்களுக்கு மிகுதி என்பேன்.

நேயர்கள் இங்கே ஓர் ஐயம் எழுப்பலாம். ஒவ்வொருவரும் வழக்காடத் தொடங்கினால் நகராட்சி எப்படி நடக்கும்? நியாயமான ஐயம்தான். வழக்கு முடியும் வரை வரி இல்லை என்றால் விளக்குகள் அணைந்துவிடும். துப்புரவுத் தொழிலாளர்களுக்குக் கூலி இராது. இதனால்தான் நகராண்மைச் சட்டங்கள் பலவற்றில், தொகையைக் கட்டிய பிறகே மேல்முறையீடு கேட்கப்படும் என்ற விதி இருக்கிறது. இது கொடுமை என்று ஆமதாபாத் நகரத்து ஆலைகள் உச்ச நீதிமன்றத்தில் வாதாடின. 1975-இல் நீதிமன்றம் அதை ஒப்பவில்லை. மேல்முறையீடு என்பது சட்டம் தந்த உரிமை. தரும்போதே சட்டம் அதற்கு நிபந்தனையும் வைக்கலாம் என்று கூறிற்று. இடர்ப்படுவோர்க்குத் தொகையில் ஒரு பகுதியை விலக்க நீதிபதிக்கு அதிகாரம் இருந்ததையும் அது எடுத்துக் காட்டியது.

முதற்பார்வைக்கு இது 1928-இல் பார்டோலி உழவர்களிடம் அரசு சொன்னதையே திரும்பச் சொல்வதுபோல் தோன்றும். ஆனால் வேறுபாடு பெரிது. பார்டோலியில் பணம் கட்டிய பிறகு விசாரணை நடக்கும் என்பதற்கு ஒருவருடைய வாய்ச்சொல்லைத் தவிர உறுதி இல்லை. சட்டத்தின் ஆட்சியிலோ கட்டிய பணம் கதவைத் திறக்கும் சாவியாகிறது. கட்டியதால் வழக்கு முடிவதில்லை. கட்டியதால்தான் வழக்கே தொடங்குகிறது. "கட்டியாயிற்றே, இனி என்ன வழக்கு?" என்னும் கேள்வி இங்கே தலைகீழாகிவிடுவதைக் காணலாம்.

இங்கிலாந்தும் மெல்ல மெல்ல இவ்வழிக்கு வந்தது. லண்டனின் டவர் ஹாம்லட்ஸ் பகுதியில் ஒரு நிறுவனம், காலியாகக் கிடந்த பண்டகசாலைக்கு உள்ளூர் வரி கட்டியிருந்தது. சட்டப்படி பயன்படுத்தக் கூடாத கட்டடத்துக்கு அவ்வரி இல்லை என்பது பின்னரே அதற்குத் தெரிந்தது. திருப்பித் தருவது எங்கள் விருப்பம் என்றது உள்ளூர் மன்றம். 1988-இல் பிரபுக்கள் சபை அதை மறுத்து, விருப்பம் என்று சட்டம் சொன்னாலும், உரிமையில்லாமல் வந்த பணத்தைத் தக்க காரணமின்றி வைத்துக்கொள்ளலாகாது என்று விளக்கியது. அடுத்து 1992-இல், வீடு வாங்கக் கடன் தரும் சங்கம் ஒன்றின் வழக்கு. செல்லாத விதியின்கீழ்க் கேட்ட வரியை, ஆட்சேபித்துக்கொண்டே அச்சங்கம் 1986-இல் கட்டியிருந்தது. அரசு முதலைத் தந்தது. இடைக்கால வட்டியைத் தரவில்லை. திருப்பித் தந்தது அருளாலா, கடமையாலா என்பதே வழக்கு. கடமையால்தான் என்று மூவரும், அன்று என்று இருவரும் தீர்ப்புரைத்தனர். ஒரே ஒருவரின் வேறுபாட்டில் குடிமகனின் உரிமை நிலைபெற்றது. 1802-ஆம் ஆண்டின் பழைய விதியே 1998-இல் கைவிடப்பட்டது. அவ்வகையில் நம் உச்ச நீதிமன்றம் நாற்பது ஆண்டுகள் முந்திக்கொண்டது என்று நாம் பெருமைப்படலாம்.

அந்தப் பெருமைக்கும் ஓர் எல்லை வகுக்கப்பட்டது. வணிகன் வரியை விலையில் சேர்த்து வாங்குவோரிடம் பெற்றுவிட்டு, பிறகு அரசிடமிருந்தும் திரும்பப் பெற்றால், அவன் இருமுறை பெற்றவனாகிறான். உண்மையில் சுமந்த மக்களுக்கோ ஒன்றும் இல்லை. ஆகவே 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கூடிய அமர்வு, 1958-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வீச்சைக் குறைத்தது. அந்தந்த வரிச்சட்டம் காட்டும் வழியில், அது குறிக்கும் காலத்துக்குள் கேட்க வேண்டும். சுமையைத் தானே தாங்கியதாக மெய்ப்பிக்கவும் வேண்டும் என்று விதித்தது. உரிமை உண்டு, அதைக் கேட்பவன் கையும் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். தன் வீட்டுக்குத் தானே வரி கட்டும் குடும்பத்தானுக்கு இந்தத் தடை பெரிதன்று. சுமந்தவன் அவனே.

இவ்வளவும் நமக்குக் கற்பிப்பது என்ன? முதலாவது, தாளின் அருமை. என் பாட்டனார் வரி ரசீதுகளை வளைந்த கம்பியொன்றில் குத்தி உத்தரத்தில் தொங்கவிட்டிருப்பார். கரையான் தொடாத உயரம் அது. சிறுவயதில் அதைக் குப்பை என்றே நினைத்திருந்தேன். இத்தீர்ப்புகளைப் படித்த பிறகுதான் அது அவருடைய கோட்டை என்று விளங்கிற்று. கட்டியதற்குச் சான்று இல்லாதவனுக்குக் கேட்க உரிமை இருந்தும் பயன் இல்லை. இரண்டாவது, எழுத்தின் வலிமை. நியாயமில்லை என்று தோன்றும் தொகையைக் கட்ட நேர்ந்தால், ஆட்சேபித்துக் கட்டுகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்து அதன் படியை வைத்துக்கொள்வது நலம். மூன்றாவது, காலத்தின் கடுமை. முறையீட்டுக்குக் குறித்த நாள் கடந்தால் நல்ல வழக்கும் நலிந்துவிடும்.

ஆயினும் இவையெல்லாம் வழக்கறிஞர் சொல்லக்கூடியவை. வரலாற்று மாணவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது வேறொன்று. அரசாங்கத்தின் பெருமையை அது எழுப்பும் மாளிகைகளாலும் திரட்டும் வருவாயாலும் நாம் அளக்கிறோம். வாங்கக் கூடாத ஒரு ரூபாயை அது எவ்வளவு விரைவில், எவ்வளவு நாணயத்தோடு திருப்பித் தருகிறது என்பதும் ஓர் அளவுகோல் அன்றோ? வரியை ஒழுங்காகக் கட்டும் குடிமகன் அரசை நம்புகிறான். பிழை நேர்ந்தது என்று அவன் வந்து கேட்கும்போது, கணக்கைப் புரட்டிப் பார்த்து விடை சொல்லும் அரசு அவனை நம்புகிறது. இந்த இருவழி நம்பிக்கையின்மேல்தான் ஊராட்சியும் நகராட்சியும் நாட்டாட்சியும் நிற்கின்றன.

நாளை உங்களுள் சிலர் வரி கட்டுகிறவர்களாக மட்டுமல்லாமல், வரி விதிக்கும் மேசைக்கு அப்பாலும் அமர்வீர்கள். ரசீதைக் கையில் ஏந்தி ஒரு முதியவர் உங்கள் முன் வந்து நிற்பார். "கட்டியாயிற்றே, இனி என்ன வழக்கு?" என்று அவரிடம் கேட்காதீர்கள். அவரை உட்காரச் சொல்லுங்கள். பிறகு பேரேட்டைத் திறந்து பாருங்கள்.